கண்ணைக் கட்டிப் படிக்கும் பிள்ளைகள்: ஏமாறாமல் இருக்கவும் பணத்தைத் திரும்பப் பெறவும்

ரசீது எங்கே என்று கேட்டால் பெற்றோர் கைப்பேசியைத்தான் நீட்டுகிறார்கள். ஜிபேயில் யாரோ ஒரு தனிநபர் பெயருக்குப் பணம் போயிருக்கும். பயிற்சி மையத்தின் பெயர் அதில் இருக்காது. துண்டுப் பிரசுரம் என்றோ பழைய பேப்பரோடு போயிருக்கும். வாட்ஸ்அப் குழுவிலிருந்து கோபத்தில் வெளியேறியிருப்பார்கள். விளம்பர வீடியோவையும் அழித்திருப்பார்கள். 'மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்' என்ற பெயரில் நடக்கும் வகுப்புக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் என்று கட்டி ஏமாந்தவர்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் வருகிறார்கள். பாதிப் பேர் வழக்குத் தொடரும் காலக்கெடு முடிந்த பிறகு வருகிறார்கள். கையில் நல்ல வழக்கு இருந்தும் அதைக் கைநழுவ விடுகிறார்களே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வகுப்பு எப்படி நடக்கும் என்பது பலருக்குத் தெரிந்ததே. ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளைச் சனி, ஞாயிறு இரண்டு நாள் ஒரு மண்டபத்தில் அடைப்பார்கள். பெற்றோருக்கு உள்ளே அனுமதி இல்லை. பாட்டு, ஆட்டம், தியானம் எல்லாம் உண்டு. மாலையில் கதவு திறக்கும்போது பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு நாளிதழைப் படிக்கும், பந்தின் நிறத்தைச் சொல்லும், ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல்லும். உறங்கிக் கிடந்த நடுமூளை விழித்துவிட்டது, நெற்றிக்கண் திறந்துவிட்டது, இனி படித்ததெல்லாம் மறக்காது என்பார்கள். பெற்றோர் கண்கலங்கி அடுத்த 'லெவலுக்கும்' பணம் கட்டுவார்கள்.

நடுமூளை யாருக்கும் உறங்கிக் கிடப்பதில்லை. மூளைத் தண்டின் மேற்பகுதியான அது, கண்விழி அசைவையும் வெளிச்சத்துக்கேற்பக் கண்பாப்பா சுருங்குவதையும் கவனிக்கிறது. கேட்கும் ஒலியை மேலே அனுப்புகிறது. அது வேலை செய்யாத பிள்ளை மருத்துவமனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும், வகுப்பில் உட்கார்ந்திருக்காது. எழுத்தைப் படிக்க வேண்டுமானால் அதிலிருந்து வரும் ஒளி விழித்திரையில் உருவமாக விழ வேண்டும். தோலிலும் நெற்றியிலும் அப்படி உருவத்தை விழவைக்க எந்த அமைப்பும் இல்லை.

பிறகு எப்படிப் படிக்கிறது? மூக்கின் ஓரத்தில் இருக்கும் இடைவெளி வழியாகத்தான். முகம் தட்டையானதல்ல. எந்தக் கண்பட்டியைக் கட்டினாலும் மூக்குத் தண்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு கீற்று திறந்தே இருக்கும். கீழ்நோக்கிப் பார்த்தால் மார்புக்கு நேரே இருக்கும் காகிதம் தெரியும். பிள்ளையைக் கவனித்துப் பாருங்கள்: தலையைச் சற்றே நிமிர்த்தியிருக்கும்; அட்டையை முகர்வதுபோல மூக்குக்கு அருகே கொண்டுபோகும்; கண்பட்டியை அடிக்கடி தேய்த்துவிடும். 1960-களில் சோவியத் ரஷ்யாவில் ரோசா குலெஷோவா என்ற பெண் விரலால் நிறத்தையும் எழுத்தையும் உணர்கிறார் என்று உலகமே பேசியபோது, அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1966-இல் 'சயின்ஸ்' இதழில் இந்த மூக்கோர இடைவெளியைத்தான் சுட்டிக்காட்டினார். கண்ணைக் கட்டுவதை விட்டுவிட்டுத் தலையையே பெட்டிபோல மூடிவிட்டுச் சோதியுங்கள் என்றார். அறுபது ஆண்டு பழைய பதில் இது. அதே வித்தை இன்று நம் ஊர் கல்யாண மண்டபங்களில் கட்டணத்துக்கு நடக்கிறது.

மனோசக்தி என்று ஒன்று இருக்கக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். தேடாமலும் யாரும் இருக்கவில்லை. 1930-களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே.பி. ரைன் சீட்டுகளை வைத்து ஆண்டுக்கணக்கில் சோதித்தார். சோதனையில் கட்டுப்பாட்டை இறுக்கியபோதும் மற்றவர்கள் அதைத் திரும்பச் செய்தபோதும் அவர் சொன்ன முடிவுகள் நிலைக்கவில்லை. தொலைவில் இருப்பதை மனத்தால் காணும் ஆட்களை வைத்து உளவு பார்க்க அமெரிக்க அரசு 1970-களிலிருந்து சுமார் 2 கோடி டாலர் செலவழித்தது. உளவுக்குப் பயன்படும் தகவல் எதுவும் கிடைக்கவில்லை என்று 1995-இல் அதை இழுத்து மூடியது. இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், இத்தகைய சக்தியை நிரூபிப்பவருக்கு 1963-இல் ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தார். கோவை போத்தனூரிலிருந்து பிரேமானந்தும் அதே தொகையை வைத்துச் சவால் விட்டார். இருவரும் காலமாகும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. நாளை யாராவது நிரூபித்தால் ஏற்றுக்கொள்வோம். ஆனால் நிரூபிக்க வேண்டியது அதை விற்பவரின் பொறுப்பு, உங்களுடையதல்ல.

பணம் கட்டுவதற்கு முன் பயிற்சியாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். காகிதத்தைத் தலைக்குப் பின்னால் பிடித்தால் பிள்ளை படிக்குமா? தாடைக்குக் கீழே அகலமான அட்டையைக் குறுக்கே வைத்தால் படிக்குமா? இதை எழுத்தில் உறுதி தருவீர்களா? 'நெகட்டிவ் எண்ணம் உள்ளவர்கள் பக்கத்தில் இருந்தால் வேலை செய்யாது' என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டில் பார்க்க வேண்டுமானால், நீச்சல் கண்ணாடியின் உட்புறம் முழுக்கக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, முதலில் நீங்களே போட்டு எந்த ஓரத்திலும் வெளிச்சம் வரவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். காட்டும் எண் உங்களுக்கும் தெரியாமல், குலுக்கி எடுத்ததாக இருக்கட்டும். நம் முகமும் குரலும் நம்மை அறியாமலே விடையைக் காட்டிக்கொடுக்கும். சிவப்பா கறுப்பா என்று கேட்காதீர்கள், குத்துமதிப்பாகச் சொன்னாலே பாதி சரியாக வரும். மூன்று இலக்க எண்ணைக் கேளுங்கள்.

ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன். சோதனையில் தோற்றதும் பிள்ளையை அடிக்காதீர்கள், 'பொய்க்காரி' என்று திட்டாதீர்கள். பக்கத்துப் பிள்ளைக்குத் தெரிகிறது, தனக்குத் தெரியவில்லை என்றால் அம்மா கட்டிய பணம் வீண் என்று அந்தக் குழந்தை பயந்திருக்கிறது. கீற்று வழியாகப் பார்த்தது அந்தப் பயத்தில்தான். சில பிள்ளைகளுக்குத் தாங்கள் எட்டிப் பார்ப்பதே புரிவதில்லை. பெரியவர்கள் கைதட்டியதால் அது சக்திதான் என்று நம்பிவிடுகின்றன. 'உன்மேல் தப்பில்லை, பெரியவர்கள் செய்த தப்பு' என்று முதலில் சொல்லுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

பார்வைக் குறைபாடோ வலிப்போ உள்ள பிள்ளைக்கு இந்தப் பயிற்சியால் குணமாகும் என்று சொன்னால் அது வெறும் ஏமாற்று அல்ல, தனிக் குற்றம். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் அட்டவணையிட்ட நோய்களில் பார்வையின்மையும் வலிப்பும் உண்டு. அவற்றை மந்திர சக்தியால் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்தால் முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை. காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் இது. அதைவிட முக்கியம்: எவர் சொன்னாலும் வலிப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள். கண்ணாடியைக் கழற்றிவிடாதீர்கள்.

இனி, பணம் போனவர்கள் செய்ய வேண்டியது.

முதலில் சான்றுகள். விளம்பரத்தாள், போஸ்டர் படம், வாட்ஸ்அப் உரையாடல், குரல் பதிவு, பணம் போன வங்கிக் கணக்கு விவரம், பிள்ளைக்குக் கொடுத்த சான்றிதழ் எல்லாவற்றையும் சேமியுங்கள். எதையும் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்தக் கைப்பேசியையும் வைத்திருங்கள். ரசீது தரவில்லையே என்று துவண்டுவிடவும் வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47)-இன்படி ரசீது தர மறுப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. குறைபாடான சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அதே பிரிவில் வருகிறது. 'கட்டிய பணம் திருப்பித் தரப்படாது' என்று தாளில் அச்சடித்துவிட்டதாலேயே அவர்கள் தப்பிவிட முடியாது.

அடுத்து அறிவிப்புக் கடிதம். வழக்கறிஞர் வேண்டியதில்லை. என்ன வாக்குறுதி தந்தார்கள், எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினீர்கள், எது நடக்கவில்லை, பதினைந்து நாளுக்குள் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, பட்டுவாடாச் சான்று கிடைக்கும்படி விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். கடிதம் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் வைத்திருங்கள், அதுவும் சான்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்யலாம். சில மையங்கள் இதற்கே பயந்து பணத்தைத் தந்துவிடும்.

தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். மையம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. நீங்களே வாதாடலாம். புகார் மனு, தேதி வாரியான நிகழ்வுப் பட்டியல், ஆவண நகல்கள், உறுதிமொழிப் பத்திரம் இவ்வளவுதான். எதிர்தரப்பு எத்தனை பேரோ அத்தனை நகல் கூடுதலாக வேண்டும். மையத்தோடு நிறுத்தாமல் பணம் வாங்கிய தனிநபரையும் எதிர்தரப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மையம் மறுவாரமே வேறு பெயரில் திறக்கும். இணையவழியில் இ-ஜாக்ரிதி தளத்தில் தாக்கல் செய்யலாம். 'நாங்கள் கல்வி நிறுவனம், நுகர்வோர் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது' என்பார்கள். பயிற்சி வகுப்புகள் அந்த விலக்கில் அடங்காது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-இல் சொல்லியிருக்கிறது. எதிர்தரப்புக்கு அறிவிப்பு கிடைத்த மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். வாய்தா மேல் வாய்தா கொடுத்துச் சாதாரண மக்களை அலைக்கழிக்கும் வழக்கத்தை ஆணையங்கள் கைவிட வேண்டும். அலைந்து சலித்துப் பாதியில் விட்டுவிடுவார்கள் என்பதை நம்பித்தான் இந்த மையங்கள் பிழைக்கின்றன.

பலர் ஏமாந்திருந்தால் மாவட்ட ஆட்சியரிடம் போங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 16-இன்படி பொய் விளம்பரம் குறித்துப் புகார் வந்தால் விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டு. அந்த ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவில் 'பிரிவு 16' என்று தலைப்பிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் 'தக்க நடவடிக்கைக்கு' என்று முத்திரை குத்தி ஏதோ ஒரு மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். பள்ளியே இடம் கொடுத்து மேடையேற்றியிருந்தால் முதன்மைக் கல்வி அலுவலருக்குத் தனி மனு. அறிவியல் பாடம் நடத்தும் அதே கட்டடத்தில் இதை நடத்த அனுமதித்த தலைமையாசிரியர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

தொகை பெரிதென்றால் காவல் நிலையத்திலும் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318-இன்கீழ் மோசடிப் புகார் கொடுக்கலாம். 'இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்க' என்பது அங்கே வழக்கமான பதில். வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள், மனுவைக் கொடுத்து, அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வழக்குப் பதிய மறுத்தால் அதே புகாரைக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்புங்கள், அதன்பின் நீதித்துறை நடுவர் மன்றம். செலவுக்கு அஞ்சுபவர்கள் 15100-ஐ அழைத்து இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

தொடக்கத்தில் சொன்ன காலக்கெடு இதுதான்: நுகர்வோர் ஆணையத்தில் இரண்டே ஆண்டு. மையத்தார் 'அடுத்த பேட்ச்சில் சரியாகிவிடும்', 'இன்னொரு லெவல் முடியட்டும்' என்று நாள் கடத்துவது அந்தக் கெடுவைத் தாண்ட வைப்பதற்காகத்தான். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். பணம் போன தேதியை வங்கிக் கணக்கில் இன்றைக்கே பார்த்து, அதிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.