மார்கழி இருட்டில் ஒரு ஒத்திகை

நான் ஒரு குதிரைப் பைத்தியம். ஆடி பிறந்தால் ஊருக்கெல்லாம் தள்ளுபடி ஞாபகம் வரும், எனக்கு அந்தியூர் ஞாபகம் வரும். குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தைக்கு விடியற்காலையிலேயே திருப்பூரிலிருந்து வண்டி ஏறிவிடுவேன். காது நுனி இரண்டும் உச்சியில் தொட்டுக்கொண்டு நிற்கும் மார்வாரியும் காத்தியவாரியும், வெள்ளை உடம்புக்கு ரோஸ் கலர் மூக்கு வைத்த நொக்ராவும், நாலு குளம்புக்கு மேலும் முகத்திலும் வெள்ளை பூசிய பஞ்சகல்யாணியும் அங்கே வரிசையாக நிற்கும். ஒருவர் சுழி பார்ப்பார், ஒருவர் உதட்டைத் தூக்கிப் பல் பார்ப்பார், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். பேண்டுக்கு ஆடும் நாட்டியக் குதிரை வந்துவிட்டால் கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

போன ஆடியில் அப்படி வாயைப் பிளந்துகொண்டு நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற இளைஞர் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, காலைப் பாக்காதீங்க. வாயைப் பாருங்க."

பார்த்தேன். முன்னங்கால் தூக்குகிற ஒவ்வொரு தடவையும் கடிவாளம் வெடுக்கென்று இழுபட்டது. வாயோரம் நுரை. காது இரண்டும் பின்னால் படிந்து பிடரியோடு ஒட்டிக் கிடந்தன.

"ஆடுதுங்க. ஆனா வெளையாடல."

அவர் திருப்பூரில் பிளாட்லாக் டெய்லர். சொந்த ஊர் உடுமலைப் பக்கம். "மார்கழியில எங்கூருக்கு வாங்கக்கா. கயிறே இல்லாம ஒருத்தன் ஆடுவான், காட்டறேன்" என்று கூப்பிட்டார். ஒருத்தன் என்று அவர் சொன்னது ஒரு காளையை என்பது போனில் வழி கேட்டபோதுதான் புரிந்தது. குதிரைப் பைத்தியத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "எங்க வூட்டுல குதிரையும் இருக்குதுங்க" என்றார் உடனே. அதற்கு மேல் யோசிக்கவே இல்லை. சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்த கையோடு கிளம்பிவிட்டேன்.

பல்லடம் தாண்டினால் சாயப்பட்டறை வாசனை போய், காற்றில் வெறும் குளிர்தான். இன்னும் தெற்கே இறங்கினால் இரண்டு பக்கமும் காற்றாலைகள். இருட்டிய பிறகு அவற்றின் தலையில் சிவப்பு விளக்குகள் மினுக்மினுக்கென்று எரிகிற அழகை வண்டி ஓட்டாதவர்களால்தான் ரசிக்க முடியும். 2009இல் திருப்பூர் தனி மாவட்டமானபோது உடுமலையும் எங்களோடு சேர்ந்தது. ஆனால் பனியன் கம்பெனி, பேங்க், கூரியர் ஆபீஸ் என்று சுற்றும் என்னைப் போன்றவர்களுக்கு, சொந்த மாவட்டத்தின் தென்பாதி பக்கத்து வீட்டுக் கொல்லை மாதிரி. எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

போய் இறங்கியதும் முதல் தரிசனம் குதிரைதான். வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், செம்பழுப்பு நிறத்தில் ஒரு மட்டக்குதிரை. டெய்லரும் அவர் மச்சானும் பாதிப் பாதி காசு போட்டு வாங்கியது. வந்த புதிதில் கையைத் தூக்கினாலே சுவரோடு ஒண்டிக்கொள்ளுமாம். காதுப் பக்கம் யாரையும் விடாதாம். எங்கேயோ வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது, பாவம்.

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்கக்கா. வேலை முடிஞ்சு வந்து, அதுக்கு முதுகைக் காட்டிட்டுத் தரையில உக்காந்து கடலைக்காய் தின்னேன்."

அவ்வளவுதான். தினமும் அரைமணி நேரம் முதுகைக் காட்டி உட்கார்ந்து கடலைக்காய். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு ராத்திரி, கழுத்துக்குப் பின்னால் சூடாக ஒரு மூச்சு. அவர் திரும்பவில்லை. சட்டைப் பையை ஒரு உதடு துழாவியது. அப்போதும் திரும்பவில்லையாம்! எனக்கென்றால் கத்தியே இருப்பேன்.

அப்புறம் வந்தது பந்து. கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் மலையாகக் குவிந்து கிடக்குமே, அதில் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து, துணியைச் சுருட்டிச் சுருட்டி, மேலே ஓவர்லாக் நூல் போட்டு இறுக்கி, பூசணிக்காய் அளவுக்கு ஒரு பந்து. அவர் உருட்டினார், அது முறைத்தது. மறுநாள் மூக்கால் ஒரு தள்ளு. அதற்கடுத்த நாள் பல்லால் கவ்வி அவர் மேலேயே எறிந்ததாம். எனக்கும் ஆடிக் காட்டினார்கள், அவரும் அதுவும். பந்தைத் தூக்கிக்கொண்டு கொட்டகையைச் சுற்றி ஒரு ஓட்டம், பிறகு கீழே போட்டுவிட்டு, 'எடு பார்ப்போம்' என்கிற மாதிரி ஒரு பார்வை. நான் கைதட்டிவிட்டேன். தட்டியிருக்கக் கூடாது. இரண்டு எட்டு பின்னால் போய்விட்டது. "மெதுவாங்கக்கா" என்று வலித்தும் வலிக்காமலும் ஒரு குட்டு.

முதுகைக் காட்டி உட்காரும் இந்த வித்தையை எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, "எருதுகிட்டதானுங்க. வாங்க, உருமி ஆரம்பிச்சுட்டாங்க" என்று இருட்டுக்குள் நடந்தார்.

உடுமலைப் பக்கம் சோமவாரப்பட்டியில் ஆல்கொண்டமால் கோயில் இருக்கிறது. மாடு காக்கும் மாலவன். மாட்டுக்குச் சீக்கு வந்தால் அங்கேதான் வேண்டுதல், மாட்டு உருவாரம் வாங்கி வைப்பார்கள். தைப்பொங்கலை ஒட்டிய திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரப் பாலெல்லாம் அங்கே போய்விடும். பொங்கல் நாளில் பிறக்கும் கன்றைச் சாமிக்கென்று விட்டுவிடுகிற வழக்கமும் உண்டு. அந்தக் கன்றுக்கு ஏர் கிடையாது, வண்டி கிடையாது. அதுதான் வளர்ந்து சலகெருது. தேவராட்டம் ஆடும் கம்பளத்தார் ஊர்களில், மார்கழி ராத்திரிகளில் உருமிச் சத்தத்துக்கு அதோடு ஆடிப் பழகுகிறார்கள். தை பிறந்ததும் கோயிலுக்கு அழைத்துப் போகிறார்கள். அன்றைக்குக் கூட்டம் பார்ப்பது அரங்கேற்றத்தை. நான் பார்க்கப் போனது ஒத்திகையை!

டெய்லர் ஊர்க் கோயில் முன்னால் மண் தரை, ஒரே ஒரு குண்டு பல்பு. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக ஷிப்ட் முடிந்து வருகிறார்கள். ஸ்பின்னிங் மில்லிலிருந்து வந்தவர் தலையில் பஞ்சு அப்படியே ஒட்டியிருக்கிறது. இன்னொருவர் நார் மில். கழுத்தில் கம்பெனி டேக் தொங்க ஒரு பையன் வர, திண்ணையிலிருந்து பெரியவர் ஒருவர் சத்தம் போட்டார்: "டேக்கைக் கழட்டிப் போட்டுட்டு வாடா. அது ஆட ஆட எருது அதையேதான் பாக்கும்."

அப்போதுதான் என்னைப் பார்த்துக்கொண்டேன். நான் போட்டிருந்தது ரத்தச் சிவப்பில் ஒரு எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டீ-ஷர்ட். வயிற்றைக் கலக்கியது. பெரியவர் சிரித்தார். "செகப்பு அதுக்கு ஒண்ணும் பண்ணாதுங்க அம்மிணி. கையைக் கையை ஆட்டாம நில்லுங்க, போதும்." உண்மைதான். நமக்கு நிறம் பிரித்துக் காட்டும் கூம்பு செல்கள் மூன்று வகை, மாட்டுக்கு இரண்டே வகை, குதிரைக்கும் அப்படியே. ஸ்பெயின் காளைச் சண்டையில் கோபமூட்டுவது துணியின் நிறம் அல்ல, அது படபடக்கிற படபடப்பு. அது தெரிந்திருந்தும் நான் பல்புக்குப் பின்னால்தான் நின்றேன்.

பிறகு அது வந்தது. யாரும் பிடித்து வரவில்லை. சோளத்தட்டுப் போர் இருக்கும் பக்கமிருந்து, மூக்கணாங்கயிறுகூட இல்லாமல், கழுத்துச் சலங்கை மட்டும் சிணுங்க, வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற ஆள் மாதிரி வந்து நின்றது. காங்கேயம் வாகு. காங்கேயம் கன்று பிறக்கும்போது செக்கச் செவேலென்று இருக்கும், ஆறு மாதத்தில் சாம்பலுக்கு மாறும், காளையானால் திமிலிலும் தோளிலும் கறுப்பேறும். இதன் திமில் மழை மேகம் போல இருந்தது.

உருமி முதலில் அடிப்பதில்லை, உரசுகிறது. வளைந்த குச்சி தோலில் வழுக்கிக்கொண்டு போகும்போது, தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு 'உர்ர்ர்ம்'. எல்லாரும் எருதின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது டெய்லர் என் காதில் சொன்னார்: "காது." இடது காது தனியாகத் திரும்பி உருமியைத் தேடியது. வலது காது ஆட்டக்காரர்கள் பக்கம். ஒரே தலையில் இரண்டு வேலை! அந்தியூர்க் குதிரையின் பின்னால் ஒட்டிய காதுகள் சட்டென்று ஞாபகம் வந்தன.

இரண்டு பேர் ஆளுயரத்தை மிஞ்சும் மூங்கில் குச்சிகளோடு எதிரே போய் நின்றார்கள். தாளம் இறுகியது. எருது தலையைத் தாழ்த்தி ஒரு பாய்ச்சல். குச்சி இரண்டும் முன்னால் குறுக்காக வர, ஆட்டக்காரர்கள் தாளம் தப்பாமல் பின்னுக்கு நாலு எட்டு. எருது நின்றது. அவர்களும் நின்றார்கள். புழுதி அடங்குகிற வரைக்கும் ஒரு மௌனம். இப்போது எருது ஒரு எட்டு பின்னால் வைக்க, இவர்கள் ஒரு எட்டு முன்னால். யார் யாரை ஆட்டுகிறார்கள் என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை, சத்தியமாக.

"குச்சி அடிக்கறதுக்கில்லீங்களா?"

"அது கைங்க அம்மிணி. கொஞ்சம் நீளமான கை. ஒருக்கா சுளீர்னு பட்டுதுன்னா அடுத்த மார்கழி வரைக்கும் மறக்காதுங்க."

எனக்குப் புல்லரித்தது, காரணம் இருக்கிறது. அமெரிக்கக் குதிரைப் பயிற்சியாளர் பாட் பரேலி, குதிரையோடு பழக ஏழு விளையாட்டுகள் என்று ஒரு முறையே வகுத்து உலகெங்கும் பிரபலமாக்கியவர். முதல் விளையாட்டு உடம்பெங்கும் தடவிப் பயம் போக்குவது. இன்னொன்றில் குதிரையைப் பின்னுக்கு அனுப்பிவிட்டு, மறுபடி நம்மிடமே வரவழைக்க வேண்டும். அதற்கென்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு குச்சி விற்கிறார்கள், பேர் கேரட் ஸ்டிக். அது சாட்டை இல்லையாம், கையின் நீட்சியாம்! டாலரில் விலை போட்டிருக்கிறார்கள். அவரையும் குறை சொல்ல மாட்டேன், நல்ல விஷயம்தான். கிமு நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்கத்தில் செனபோன் குதிரையைப் பற்றி ஒரு நூல் எழுதி, கட்டாயப்படுத்தி ஆட்டுகிற குதிரையில் அழகு கிடையாது, நாட்டியக்காரரைச் சாட்டையால் அடித்து ஆடவைக்கிற மாதிரிதான் அது என்கிற பொருளில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நல்ல சேதி ஊர் ஊராகத் தனித்தனியாகவே கண்டுபிடிக்கப்படுகிறது போலிருக்கிறது.

விளையாட்டு என்றதும் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். டெய்லரின் முழங்கைக்கு மேல் ஒரு தழும்பு இருக்கிறது. கொம்பு உரசியது. "தப்பு என்னுதுங்க. அதும் பின்பக்கமா குறுக்க போயிட்டேன்." மாட்டின் கண்ணுக்கு ஏறக்குறைய சுற்றி முழுக்கத் தெரியும், நேர் பின்னால் ஒரு கீற்றைத் தவிர. குதிரைக்கு அதோடு மூக்கு நுனிக்கு நேர் முன்னாலும் கொஞ்சம் இருட்டு. அந்தக் கீற்றுக்குள் சத்தமில்லாமல் போகிறவன் நண்பனாகவே இருந்தாலும் அதற்குப் புலிதான்.

ஆட்டத்துக்கு நடுவே ஒரு இடைவேளை. பனியன் வேஸ்ட் துணியால் டெய்லர் எருதின் முதுகைத் துடைக்க, ஒரு பொடியன் கழுத்துக்கடியில் தொங்கும் அலைதாடியைச் சொறிந்துவிட்டான். கழுத்து தானாக நீண்டது, கண் பாதி மூடியது, காது இரண்டும் தொங்கிப்போயின. சிரிப்பு வந்துவிட்டது, ராத்திரி பஸ்ஸில் தூங்குகிற பயணி மாதிரியே! வியன்னாவில் கறவை மாடுகளைத் தடவிப் பார்த்து 2008இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மாடுகள் ஒன்றையொன்று நக்கிக்கொள்கிற கழுத்தடியில் தடவினால்தான் அவை அதிகம் சொக்குகின்றன என்று கண்டார்கள். குதிரைக்கு அந்த இடம் பிடரி முடிகிற தோள்மேடு. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பே குறைகிறது என்று பிரான்சின் கமார்க் குதிரைகளை வைத்து 1993இல் எழுதினார்கள். பொடியனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்பிடிங்களா" என்றுவிட்டுச் சொறிவதைத் தொடர்ந்தான்.

இடைவேளைக்குப் பிறகு உருமி மறுபடி செருமியது. பையன்கள் குச்சியோடு நின்றார்கள். எருது அவர்களைப் பார்த்தது, உருமியைப் பார்த்தது, நிதானமாகத் திரும்பித் தட்டுப்போரைப் பார்க்க நடந்தது. யாரும் மறிக்கவில்லை. உருமிக்காரர் குச்சியை மடியில் வைத்துவிட்டுப் பீடி தேடினார்.

"அவ்வளவுதானா?" எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்!

"அதுக்கு இன்னைக்கு வேண்டாங்குதுங்க. கட்டி இழுத்தா வரும். ஆனா அப்பறம் அது வேலை, வெளையாட்டு ஆகாது" என்றார் பெரியவர்.

நார்வேயில் 23 குதிரைகளுக்குப் பலகையில் குறி காட்டிப் பழக்கினார்கள். போர்வை வேண்டும், கழற்றிவிடு, அப்படியே இருக்கட்டும் என்று மூன்று குறிகள். குதிரைகள் மூக்கால் தொட்டுத் தங்கள் விருப்பத்தைச் சொல்லிவிட்டன, குளிர் நாளில் ஒன்று, வெயில் நாளில் வேறொன்று. 2016இல் அதைப் படித்துவிட்டு ஆபீஸில் எல்லாரையும் பிடித்துப் பிடித்துச் சொன்னவள் நான். இங்கே பலகை இல்லை, எருது முதுகைக் காட்டியது, பத்துப் பேரும் புரிந்துகொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் புரிய நேரமானது.

பையை எடுக்கக் கொட்டகைப் பக்கம் வந்தேன். சும்மா ஒரு ஆசை. குதிரைக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தேன். கடலைக்காய் இல்லை, பையில் இருந்த முறுக்கைக் கடித்தேன். குளிர். தூரத்தில் மில் சங்கு ஊதியது. திரும்பக் கூடாது, திரும்பக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னங்கழுத்தில் ஒரு சூடு. மூச்சு! உடம்பெல்லாம் சிலிர்த்துப்போக, மூச்சை அடக்கிக்கொண்டேன். இடுப்புப் பக்கம் ஏதோ இழுத்தது. முறுக்கைத்தான் தேடுகிறது என்று நினைத்தேன். அது டீ-ஷர்ட்டைக் கவ்விக்கொண்டு பந்தை இழுக்கிற அதே சுவாரசியத்தில் இழுத்தது. 'டர்ர்' என்று ஒரு சத்தம்.

டெய்லர் டார்ச் அடித்துப் பார்த்தார். குதிரையை ஒரு வார்த்தை சொல்லவில்லை. குனிந்து என் டீ-ஷர்ட் ஓரத்தைத் திருப்பி, தையலை விரலால் நீவினார்.

"பாட்டம் ஹெம் மட்டுந்தானுங்க பிரிஞ்சிருக்குது. திங்கக்கிழமை கம்பெனிப் பக்கம் வாங்கக்கா, பிளாட்லாக்ல ஒரு ஓட்டு ஓட்டித் தர்றேன்."