கரி பூசிய முகம்

தக்கையைத் தீயில் கருக்கி, அந்தக் கரியை நீரில் குழைத்து முகமெங்கும் அப்பி, உதடுகளைச் சுற்றி மட்டும் அகலமாக வெளுப்பு விட்டு, வெள்ளைக்கார நடிகர்கள் கறுப்பின மக்களைப் போலக் கொச்சை பேசிக் குதித்தாடிய ‘மின்ஸ்ட்ரல்’ என்னும் கேளிக்கையே, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஜனங்கள் பெருந்திரளாகக் காசு கொடுத்துப் பார்த்த ஹாஸ்யமாக இருந்தது. 1830-ஐ ஒட்டித் தாமஸ் ரைஸ் என்பவர் ‘ஜிம் க்ரோ’ என்ற வேஷம் கட்டியாடிப் பிரசித்தி பெற்றார். பிற்காலத்தில் தென் மாநிலங்கள் கறுப்பர்களைத் தனி ரயில் பெட்டியிலும் தனிப் பள்ளியிலும் ஒதுக்கி வைக்க இயற்றிய சட்டங்களுக்கு அந்தக் கோமாளியின் பெயரே நிலைத்துவிட்டது.

இதில் சிரிப்பு வராது என்று நான் சாதிக்கப் போவதில்லை. கொட்டகை அதிரவே சிரித்தார்கள். ஆயினும் சோம்பேறி, கோழி திருடி, வாயாடி என்று ஒரு ஜாதியாரைப் பற்றி வீட்டிலிருந்தே மனத்தில் முடிந்துகொண்டு வந்த அபிப்பிராயத்தை மேடையில் அப்படியே அவிழ்த்துக் காட்டுகிறவனுக்கு, மனித சுபாவத்தை உற்று நோக்கும் சிரமம் ஏது? அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து பத்திரிகாசிரியரான பிரெடரிக் டக்ளஸ் 1848-லேயே இந்த நடிகர்களைக் கடுமையாகச் சாடினார். கூட்டம் என்னவோ குறையவில்லை.

இந்த நாடகத்தின் விபரீதம் முழுவதும் பெர்ட் வில்லியம்ஸ் என்ற ஒரு மனிதரிடம் வந்து கூடியது. பஹாமாஸில் பிறந்த கறுப்பினத்தவர். நிறம் சற்று வெளுப்பு. ரசிகர்கள் எதிர்பார்த்த ‘கறுப்பன்’ ஆவதற்கு அவருடைய சொந்த நிறம் போதாமல், அவரும் கரி பூசிக்கொண்டே மேடையேறினார்! 1910-ல் நியூயார்க்கின் புகழ்பெற்ற ‘சீக்ஃபெல்ட் ஃபாலீஸ்’ நிகழ்ச்சியில் வெள்ளை நட்சத்திரங்களுக்குச் சமமாக இடம் பெற்ற பிறகும் அந்தக் கரி அவரை விடவில்லை.

அவருடைய சிகரமான காட்சியில் சீட்டும் இல்லை, எதிராளியும் இல்லை, பேச்சும் இல்லை. தன்னந்தனியாக அமர்ந்து போக்கர் ஆடுகிறார். கைக்கு வந்ததாகப் பாவிக்கும் சீட்டுகளை ஓரக்கண்ணால் பார்க்கிறார், உள்ளே பொங்கும் ஆனந்தத்தை முகம் காட்டிக்கொடுத்துவிடப் போகிறதே என்று அதை விழுங்குகிறார், எதிராளிகளைச் சந்தேகத்தோடு அளக்கிறார், பந்தயத்தை ஏற்றுகிறார், கடைசியில் தோற்றுப்போகிறார். ஆசையும் பயமும் தந்திரமும் ஒன்றையொன்று துரத்தும் அந்த முகம், சீட்டாட்டத்தில் தோற்ற எந்த ஊர் மனிதனுக்கும் உரியது. நம் ஊர் திண்ணைச் சீட்டாட்டக்காரரும் அதில் தம்மைக் காண்பார்.

கறுப்பு நிறத்தைக் கேலி செய்தே கைதட்டல் வாங்கிய வசனங்கள் நம் திரைப்படங்களிலும் ஏராளமாக உண்டு என்பதால், இதை அயல்நாட்டுச் சங்கதி என்று நாம் தள்ளிவிட வழியில்லை. 1916-ல் வில்லியம்ஸ் நடித்த ஒரு மௌனப் படத்தின் இறுதியில் அந்தச் சீட்டாட்டக் காட்சி இன்றும் அழியாமல் இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் ஒரு முறை பாருங்கள். நீங்கள் சிரித்த இடங்களில் எதற்காவது அந்தக் கரி தேவைப்பட்டதா என்று நீங்களே சொல்லுங்கள்.