பிளக் போடும் காரும் எங்கள் மூன்றாம் மாடியும்

எங்கள் பழைய பெட்ரோல் காருக்கு 2027-ல் 15 வயது முடிகிறது. பதிவுச் சான்றிதழும் அதோடு காலாவதி. அதற்குள் வேறு வண்டி பார்த்தாக வேண்டும். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். தவறாக வாங்கிவிட்டு மறுபடி வாங்கிக்கொள்ளலாம் என்பதற்கு இனி வருமானம் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் கலிஃபோர்னியாவில் இருக்கும் என் அக்கா மகன் போனில், "பேசாம பிளக்-இன் ஹைப்ரிட் வாங்கிடுங்க மாமா. நான் பெட்ரோல் பங்க் பக்கம் போயே ஒரு மாசமாச்சு" என்றான். என் மனைவிக்கும் ஆசை வந்துவிட்டது. நான் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன். அப்போது தெரிந்துகொண்டதைச் சங்க அன்பர்களுக்கும் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம் தீர வேண்டும். ஹைப்ரிட் என்றால் ஒரே வண்டியில் பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும். இதில் 'மைல்ட்' என்று ஒரு வகை உண்டு. அதன் மோட்டார் எஞ்சினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும், அவ்வளவுதான். தானாக வண்டியை நகர்த்தாது. அடுத்தது 'ஸ்ட்ராங்'. இது மெதுவாகப் போகும்போது எஞ்சினை அணைத்துவிட்டு மின்சாரத்தில் ஓடும். பிரேக் போடும்போது வீணாகும் சக்தியைப் பிடித்து பேட்டரியில் சேமித்துக்கொள்ளும். இதை நாம் சார்ஜ் செய்ய வேண்டியதில்லை. மூன்றாவதுதான் அக்கா மகன் சொன்ன பிளக்-இன். பேட்டரி பெரிது. இரவில் பிளக்கில் மாட்டினால் காலையில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் பெட்ரோலே இல்லாமல் ஓடும். அதற்குமேல் போனால் எஞ்சின் பார்த்துக்கொள்ளும். ஷோரூமில் விற்பனைப் பையன் மைல்டையும் வெறுமனே "ஹைப்ரிட் சார்" என்றுதான் சொன்னான். எந்த வகை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டில்லி போன்ற ஊரில் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. மயூர் விஹாரிலிருந்து ஐ.டி.ஓ. வழியாக கரோல்பாக் போகிறவர்களுக்குத் தெரியும், பாதி நேரம் நின்று நின்றுதான் போகிறோம். சாதாரண வண்டி அந்த நேரமெல்லாம் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே நிற்கும். ஹைப்ரிட் அணைந்து நிற்கும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போனால் இந்த லாபம் வெகுவாகக் குறைந்துவிடும். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஊருக்குப் போவதென்றால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்தான், கார் இங்கேயே தூங்கும்.

இனி கணக்கு. நாங்கள் மாதம் 700 கிலோமீட்டர் ஓட்டுகிறோம், வருடத்துக்கு 8,400. விளம்பர மைலேஜை நான் நம்பவில்லை. நகருக்குள் சாதாரண வண்டி 12, ஸ்ட்ராங் ஹைப்ரிட் 20 கொடுக்கும் என்று வைத்துக்கொண்டேன். முன்னதற்கு 700 லிட்டர், பின்னதற்கு 420. மிச்சம் 280 லிட்டர். 2025-ல் நான் கணக்குப் போட்டபோது டில்லி விலை 95 ரூபாயை ஒட்டி இருந்தது. ஆக வருடத்துக்கு 26,600 ரூபாய் மிச்சம். எனக்குக் கிடைத்த இரண்டு கொட்டேஷன்களுக்கும் வித்தியாசம் இரண்டரை லட்சம். போட்ட பணம் திரும்ப ஒன்பது வருடத்துக்கு மேலாகும். அந்த இரண்டரை லட்சம் பாங்கில் கிடந்தால் வட்டி வருமே, அதையும் கழித்தால் கையில் நிற்பது சொற்பம். ஆனால் எங்கள் மாடியிலேயே இருக்கும் மருந்துக் கம்பெனி நண்பர் மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். அவருக்கு வருடம் 76,000 மிச்சமாகும். மூன்றேகால் வருடத்தில் அசல் வந்துவிடும். அதே வண்டி, அதே விலை!

பிளக்-இன்னுக்கு வருவோம். எல்லாம் சேர்த்து யூனிட் 8 ரூபாய், ஒரு யூனிட்டுக்கு 5 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் அறுபது காசு. பெட்ரோலில் எட்டு ரூபாய். கேட்க இனிக்கிறது. ஆனால் இந்தக் காரை தினமும் பிளக்கில் போட்டால்தான் இந்தக் கணக்கு. போடாவிட்டால் பெரிய பேட்டரியின் கனத்தையும் சேர்த்துப் பெட்ரோலில் இழுக்க வேண்டும். ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், பிளக்-இன் வண்டிகள் சாலையில் வெளிவிடும் கரியமில வாயு, சோதனைக்கூட அளவைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு என்று கண்டார்கள். வாங்கியவர்கள் எதிர்பார்த்த அளவு சார்ஜ் செய்யாததே அதற்கு முக்கியக் காரணம்.

இங்கே வரியும் அதற்கு எதிரி. 2025 செப்டம்பர் 22-ல் மாறிய ஜி.எஸ்.டி.யில் முழு மின்சாரக் காருக்கு 5 சதவீதம். சிறிய ரகத்தைத் தாண்டிய ஹைப்ரிட்டுக்கு 40. பிளக்-இன்னும் ஹைப்ரிட் கணக்கில்தான் சேரும். நான் விசாரித்தவரையில் கண்ணில் பட்டதெல்லாம் கோடியில் பேசும் சொகுசு வண்டிகள்தான்.

அக்கா மகனுக்குக் கட்டுப்படியாவதன் ரகசியம் அவன் காரில் இல்லை, அவன் கராஜின் சுவரில் இருக்கிறது. எங்கள் டி.டி.ஏ. குடியிருப்பிலோ கார் வேப்பமரத்தடியில் நிற்கிறது. வீடு மூன்றாம் மாடி. ஜன்னல் வழியாக ஒயர் இறக்கலாமா என்று மனைவி கேட்டாள். மழைக்காலத்தில் அதைக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் தொங்கவிடுவதா என்று நான் கேட்டதும் பேச்சு நின்றது. வரி குறைந்த மின்சாரக் கார் வாங்கலாம் என்றாலும் இதே தடைதான்.

ஆகவே சாதாரண பெட்ரோல் வண்டியே போதும் என்று பாதி தீர்மானித்துவிட்டேன். மீதிப் பாதிக்காக, வண்டி நிறுத்துமிடத்தில் தனி மீட்டரோடு சார்ஜ் வசதி கேட்டு, மருந்துக் கம்பெனி நண்பரும் நானும் குடியிருப்போர் சங்கத்துக்கு மனு கொடுத்திருக்கிறோம். செயலாளர் படித்துவிட்டு, "செலவை யார் ஏற்பது?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அடுத்த ஞாயிறு கூட்டம்.