தீமுகத்துத் தலைமை

தலைமை என்னும் சொல்லைக் கேட்டவுடன், எல்லார்க்கும் முன்னே பாய்ந்து செல்லும் ஒரு வீரனின் உருவமே பலர் உள்ளத்தில் எழுவது வழக்கம். போர்க்களத்திற்கும் விளையாட்டுக் களத்திற்கும் அஃது ஓரளவு பொருந்தும். ஆயின், தான் முன்னே பாயாது நின்று, பிறரை ஏவி, ஏவப்பட்டோர் ஒவ்வொருவரையும் கணக்கில் வைத்து, வேண்டியபோது அவர்களைத் திருப்பியழைக்கும் தலைமையும் ஒன்று உண்டு. அதன் அருமை புறத்தே நிற்போர் கண்ணுக்கு எளிதிற் புலப்படுவதில்லை. அத்தகைய தலைமையின் இலக்கணத்தை, ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநகரத் தீயணைப்புப் படையிலே பணிபுரியும் ஓர் உத்தியோகத்தரைக் கொண்டு விளக்குதலே ஈண்டு எமது நோக்கமாகும். கல்லூரியிலே மாணவர் தலைவராயும், பின்னர்க் கந்தோர்களிலும் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் மேலதிகாரிகளாயும் அமைவோர் பலர் வாசிக்கும் இவ்விழா மலருக்கு இஃது புறம்பான பொருளன்று என எண்ணுகின்றோம்.

நியூயோர்க் நகரிலே 1865ஆம் ஆண்டு வரையும் தீயணைத்தல் தொண்டர் குழுக்களின் பணியாகவே இருந்தது. அவ்வாண்டிலே வேதனம் பெறும் படையொன்று சட்டத்தால் நிறுவப்பட்டது. 1898ஆம் ஆண்டிலே ஐந்து பெரும் பகுதிகள் ஒன்றிணைந்து இன்றைய மாநகரம் உருவாயிற்று. காலப்போக்கிற் படையும் அதற்கேற்ப விரிந்தது. அப்படையின் அடிப்படை உறுப்புக்கள் இருவகைக் குழுக்களாகும். நீர்க்குழாய்களையும் நீரேற்றும் பொறியையும் கொண்டு நெருப்பை நேரே எதிர்ப்பது ஒருவகை. ஏணிகளோடு சென்று, பூட்டிய கதவை உடைத்து, உள்ளே அகப்பட்டோரைத் தேடி மீட்டு, புகையும் வெப்பமும் வெளியேற வழி திறப்பது மற்றொரு வகை. ஒவ்வொரு குழுவையும் லெப்டினன்ற் அல்லது கப்டன் ஒருவர் நடத்துவார். இத்தகைய குழுக்கள் சில சேர்ந்தது ஒரு தொகுதி. அத்தொகுதியை மேற்பார்வை செய்பவரை அவர்கள் 'பற்றாலியன் சீஃப்' என அழைப்பர். படைத்துறையினின்று பெற்ற அப்பெயரைத் தமிழிலே 'தொகுதித் தலைவர்' என யாம் வழங்குவோம்.

இப்பதவிக்கு வெளியிலிருந்து எவரும் நேரே வருதல் இயலாது. சாதாரண தீயணைப்பு வீரராய்ச் சேர்ந்து, குழாய் பிடித்து, ஏணி ஏறி, புகையுண்டு பழகியவரே பரீட்சை எழுதி லெப்டினன்ற் ஆவர். மீண்டும் பரீட்சை எழுதிக் கப்டன் ஆவர். மேலும் ஒரு பரீட்சையிலே தேறியே தொகுதித் தலைவராவர். ஆகவே, தாம் செய்தறியாத வேலையைப் பிறர்க்கு ஏவும் நிலை அவருக்கு இல்லை. எனினும் தலைவரான அன்றே அவர் பெருந்துறவு ஒன்றை மேற்கொள்ளல் வேண்டும். இத்தனை ஆண்டுகளாய்த் தம் கையிற் பிடித்திருந்த குழாயை அவர் விட்டுவிடல் வேண்டும். வெள்ளைத் தலைக்கவசம் அணிந்து தனி வண்டியிலே வந்து இறங்கும் அவர் கையில் ஆயுதமாய் இருப்பது பேசும் வானொலிக் கருவி ஒன்றே. தாமும் உள்ளே ஓடிக் குழாயைப் பற்றுவாராயின் படைக்கு ஒரு வீரர் கூடுவர். ஆனால் முழுமையையும் நோக்கும் கண் ஒன்று குறைந்துவிடும்.

இடத்தை அடைந்ததும் அவர் முதற்கண் செய்வது நிலைமையை அளந்தறிதலாகும். அமெரிக்கத் தீயணைப்பு அதிகாரிகள் இதற்குப் பதின்மூன்று செய்திகளை வகுத்து மனனஞ் செய்து வைத்திருக்கின்றனர். கட்டடம் எதனால் ஆயது, எதற்குப் பயன்படுவது, பரப்பும் உயரமும் எவ்வளவு, உள்ளே உயிர்கள் உளவோ, நீர் எங்கே கிடைக்கும், கட்டடத்திலேயே அமைந்த தீத்தடுப்புச் சாதனங்கள் யாவை, தெரு எத்தகையது, காற்றும் குளிரும் எவ்வாறு, அயற் கட்டடங்களுக்குத் தீ பரவுமோ, நெருப்பு எவ்விடத்தில் எம்மட்டும் பரவியுள்ளது, பொழுது யாது, கைவசமுள்ள ஆட்களும் கருவிகளும் போதுமோ என்பன அவை. ஒவ்வொன்றையும் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை எடுத்துக் கோத்தால் 'நிலக்கரியே செல்வமாயிருந்தது' எனப் பொருள்படும் வாக்கியம் ஒன்று வரும். நம் முன்னோர் நூற்பாக்களை மனத்திலிருத்திய முறையை இது நினைவூட்டுகின்றதன்றோ? பொழுதைக் கேட்பது எதற்கெனின், நள்ளிரவிலே வீட்டில் தீப்பற்றின் மக்கள் உறக்கத்தில் இருப்பர். பட்டப்பகலிலே பாடசாலையிற் பற்றின் வகுப்பறைகள் நிறைந்திருக்கும். ஒரே கட்டடம் பொழுதுக்குப் பொழுது வேறு கட்டடமாகின்றது.

திருக்குறளிலே அரசனுக்குரிய தகைமைகளை வகுத்த வள்ளுவப் பெருந்தகை, தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். வினைமேற் செல்வோன் தன் வலியையும் மாற்றான் வலியையும் காலத்தையும் இடத்தையும் ஆராய்ந்த பின்னரே செல்லல் வேண்டும் என்பது அவ்வைப்பு முறையாற் பெறப்படும். தொகுதித் தலைவரின் பதின்மூன்று செய்திகளும் இந்நான்கினுள் அடங்குதல் காண்க. வேற்றுமை ஒன்றே. அரசனுக்கு ஆராய நாட்கள் உண்டு. இவருக்கு வண்டியினின்று இறங்கி வாயிலை அடையுமளவு பொழுதே உண்டு.

அளந்தறிந்த பின் ஏவுதல் தொடங்கும். இதிலே வெளியார் அறியாத நுட்பம் ஒன்று உளது. அறையினுள்ளே திரண்ட புகை வெறும் மாசு அன்று. தக்க வெப்பமும் காற்றும் கிடைத்தால் தானே தீப்பற்றும் எரிபொருள் அது. ஆகையால் சன்னலை உடைத்தலும் கூரையைத் திறத்தலும் குழாயில் நீர் ஆயத்தமாய் இருக்கும் வேளையோடு பொருந்தல் வேண்டும். உரிய வேளையில் திறந்தால் வெப்பம் மேலே வெளியேற, குழாய் பிடித்தோர் முன்னேறுவர். முந்தித் திறந்தால் காற்றுப் புகுந்து, அறை முழுவதும் ஒரு நொடியிலே தீக்கோளமாகும். கூரைமேல் நிற்பவருக்குக் கீழே குழாய் எங்கு வந்துள்ளதெனத் தெரியாது. குழாய் பிடித்தவருக்குக் கூரையில் நிகழ்வது தெரியாது. இருவர் கூற்றையும் கேட்டு இரண்டையும் இணைப்பவர் தலைவரே. ஆட்கள் போதாரெனக் கண்டால் மேலதிக உதவியைக் கேட்பதும் அவர் கடமை. தீ பெரிதாகித் தம்மினும் மூத்த அதிகாரி வந்து சேரும்வரை அக்களத்தின் பொறுப்பெல்லாம் அவருடையதே.

அப்பொறுப்புள் தலையாயது கணக்கு வைத்தலாகும். ஒவ்வொரு குழுவும் பணிமுறை தொடங்கும்போது, வண்டியிலே செல்வோர் பெயரையும் அவரவர் பணியையும் ஒரு சீட்டிலே எழுதி வைக்கும். இதனை வகுப்பாசிரியரின் இடாப்புக்கு ஒப்பிடலாம். கட்டடத்தின் ஒருபகுதி இடிந்தாலோ, உள்ளே சென்ற ஒருவர் குரல் கேட்கப்படாதொழிந்தாலோ, தலைவர் அச்சீட்டுக்களைக் கொண்டு பெயர் கூப்பிடச் செய்வார். நாம் காலையில் இடாப்புக் கூப்பிடும்போது மறுமொழி வாராவிடின், 'வரவில்லை' எனக் குறியிட்டு அடுத்த பெயருக்குச் செல்வோம். அங்கே ஒரு பெயருக்கு மறுமொழி வாராவிடின் ஏனைய வேலையெல்லாம் பின்னிற்க, அவரைத் தேடுதலே முதல்வேலையாகிவிடும். இதற்கெனவே ஒரு குழு, தீயணைப்பிலே கலவாது, கருவிகளோடு வாயிலில் ஆயத்தமாய் நிற்கும். தீயணைப்போருக்கு ஆபத்து நேரின் அவரை மீட்பதே அதன் பணி. வெறுமனே நிற்கின்றனரே என அவர்களையும் வேறு வேலைக்கு ஏவிவிடாதிருத்தல் தலைவரின் மனவுறுதிக்கு ஒரு சோதனையாகும்.

இத்தனை விழிப்பும் சிலபோது போதாதொழியும் என்பதற்கு 1966ஆம் ஆண்டு ஒக்ரோபர் 17ஆம் திகதி நிகழ்ந்த தீவிபத்துச் சான்று. மன்ஹற்றனிலே 22ஆம் தெருக் கட்டடமொன்றின் நிலவறையில் எழுந்த தீயை அணைக்கச் சென்றோருட் சிலர், அதன் பின்புறமாக 23ஆம் தெருவை நோக்கி அமைந்த மருந்துக்கடையினுட் புகுந்தனர். கடையினுள்ளே பெருந்தீ எதுவும் காணப்படவில்லை. ஆயின் முன்னொருகால் நிலவறைச் சுவர் இடமாற்றப்பட்டிருந்தமையால், எரிந்துகொண்டிருந்த நிலவறை அக்கடையின் கீழும் நீண்டிருந்தது. கடையின் தளமோ தடித்த கொங்கிறீற்றால் மூடப்பட்டது. கீழுள்ள கொடிய வெப்பத்தை அது மேலே நிற்போர் காலுக்குக் காட்டவில்லை. மரச்சட்டங்கள் எரிந்து தளம் திடீரென வீழ்ந்தது. பன்னிருவர் மாண்டனர். மாண்டோருள் தொகுதித் தலைவர் வோல்ற்றர் ஹிக்கின்சும், அவருக்கு மேற்பட்ட அதிகாரியான தோமஸ் றைலியும் இருந்தனர். 2001ஆம் ஆண்டு வரையும் அப்படைக்கு ஒரே தீயில் நேர்ந்த மிகப்பெரிய உயிரிழப்பு இதுவேயாம்.

இடம்மாறிய சுவரைப் புகையின் நடுவே நின்று எவரால் அறிய முடியும்? தீப்பற்றிய பின் அறியமுடியாததைத் தீப்பற்றுமுன் அறிந்துவைத்தல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படுவது. ஆகவே தொகுதித் தலைவரின் பணி தீ எரியும் நேரத்தோடு முடிவதன்று. தம் எல்லையிலுள்ள கட்டடங்களைக் குழுக்கள் முறையாய்ப் பார்வையிடுகின்றனவா என நோக்குதல், பயிற்சி அளித்தல், அறிக்கை எழுதுதல், ஒவ்வொரு பெருந்தீக்கும் பின்னர் நிகழ்ந்த நன்மை தீமைகளை வீரரோடு கூடி ஆராய்தல் ஆகியவை அவருடைய அமைதிக்காலப் பணிகளாம். இக்காலத்திலே, ஆபத்து மறைந்துள்ள கட்டடங்களின் இயல்புகள் முன்னரே குறித்து வைக்கப்பட்டு, அங்கிருந்து அபாய அழைப்பு வந்தவுடன் புறப்படும் குழுவினருக்கு அறிவிக்கப்படுகின்றன. காகிதத்திலே எழுதப்பட்ட ஒரு வரி ஓர் உயிரைக் காக்கவல்லது.

இப்பதவியின் முழுப்பாரத்தையும் உலகம் கண்டது 2001ஆம் ஆண்டு செப்ரெம்பர் 11ஆம் திகதியாகும். அன்று காலை, மன்ஹற்றனின் தென்பகுதியைச் சேர்ந்த முதலாம் தொகுதியின் தலைவர் யோசப் பைஃபர், தெருவொன்றிலே வாயு மணக்கின்றது என்ற சிறு முறைப்பாட்டை ஆராய்ந்துகொண்டு நின்றார். 8.46 மணிக்கு, உலக வர்த்தக மையத்தின் வடகோபுரத்திலே விமானம் மோதியதை அங்கிருந்தே கண்டார்; உடனே பேருதவி கோரியபடி விரைந்தார். அக்கோபுரத்தை அடைந்த முதல் தீயணைப்புத் தலைவர் அவரே. 110 மாடிகள் கொண்ட அக்கட்டடத்தில் 93ஆம் மாடி முதல் 99ஆம் மாடி வரை விமானம் பிளந்திருந்தது. அந்நெருப்பை அணைத்தல் இயலாது, மக்களை வெளியேற்றுதலே செய்யத்தக்கது என அவரும் அடுத்து வந்த மேலதிகாரிகளும் விரைவிலே தெளிந்தனர். மின்னுயர்த்திகள் பெரும்பாலும் செயலற்றுப்போயின. வீரர் பாரமான கருவிகளைச் சுமந்து படியேறினர். ஏறச் சென்றோருள் லெப்டினன்ற் கெவின் பைஃபரும் ஒருவர். அவர் தொகுதித் தலைவரின் உடன்பிறந்த தம்பி.

தென்கோபுரத்திலே ஏழாம் தொகுதியின் தலைவர் ஓறியோ பாமர் 40ஆம் மாடி வரை மின்னுயர்த்தியிற் சென்று, அதன்மேற் படியேறி, மோதுண்ட பகுதியான 78ஆம் மாடியை அடைந்தார். அங்கு கண்ட நிலையையும், அதற்கு வேண்டிய நீர்க்குழாய்களின் தொகையையும் கலங்காத குரலிலே கீழே அறிவித்தார். அக்குரல் ஒலிப்பதிவிலே நிலைத்துள்ளது, அவர் மீளவில்லை. 9.59 மணிக்கு அக்கோபுரம் வீழ்ந்தது.

அப்பொழுது வடகோபுரத்தின் அடித்தளம் புழுதியாலும் இருளாலும் மூடிற்று. அயற்கோபுரம் முழுவதும் வீழ்ந்துவிட்டது என்பது அங்கு நின்ற பைஃபருக்குத் தெரியாது. எனினும் ஏதோ பெருங்கேடு நிகழ்ந்தது என்பதை உணர்ந்த மாத்திரத்தே, உள்ளே உள்ள குழுக்கள் யாவும் வெளியேறுக என வானொலிக் கருவியிற் கட்டளையிட்டார். அதனைக் கேட்டு இறங்கியோர் பலர் பிழைத்தனர். கருவிகள் அவ்வுயரத்திற் செவ்வனே வேலைசெய்யாமையாற் கேளாதோர் சிலர். கேட்டும், நடக்கவியலாதோரைக் கைவிட மனமின்றித் தாமதித்தோர் சிலர். 10.28 மணிக்கு வடகோபுரமும் வீழ்ந்தது. அன்று அப்படை 343 பேரை இழந்தது. கெவின் பைஃபரும் அவருள் ஒருவர். பணிமுறை மாறும் வேளையாதலின், வீடு செல்லவேண்டியவரும் வண்டியேறிச் சென்றிருந்தனர். பெயர்ச்சீட்டுக்கள் பலவும் இடிபாட்டிற் புதைந்தன. யார் வந்தார், யார் வரவில்லை எனத் தெளிவதே பெருந்துயராயிற்று. அச்சிறு சீட்டின் அருமை அன்று புலப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் சீர்தூக்கின் ஒருண்மை விளங்கும். ஏவுதல் அரிதே, ஆயினும், துணிவுள்ளோர் நிறைந்த படையிலே 'செல்க' என்னுஞ் சொல்லுக்குப் பணிவோர் பலர். 'மீள்க' என்னுஞ் சொல்லோ மிகமிக அரியது. முழுச்செய்தியும் தெரியவரும் வரை காத்திருந்தால் காலங் கடந்துவிடும். அச்சொல்லைச் சொல்லியபின் கட்டடம் வீழாது நின்றுவிடின், அஞ்சினான் என உலகம் நகைக்கும். அந்நகைப்பைத் தாங்கும் நெஞ்சுரமே தலைமையின் உயர்ந்த வீரம் என்பது எமது துணிபு. பைஃபர் அச்சொல்லைச் சொல்லக் காத்திருந்தாரல்லர்.

எம்மிடம் பயிலும் மாணவர் யாவரும் தீயணைப்புப் படையிற் சேரப்போவதில்லை. ஆயின் அவருட் பலர், பிறர் உழைப்பும் உயிரும் தம் சொல்லைப் பற்றி நிற்கும் நிலைக்கு ஒருநாள் வருவர். மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியருக்கும், கடலிலே வள்ளம் செலுத்தும் தண்டயலுக்கும், சத்திரசிகிச்சைக் கூடத்தை நடத்தும் வைத்தியருக்கும் இவ்விலக்கணம் ஒன்றே. தாம் ஏவும் வேலையைத் தாம் செய்து பழகியிருத்தல். அமைதிக்காலத்திலே ஆபத்தை ஆராய்தல். தம்மை நம்பிச் சென்றோரைப் பெயர் பெயராய் அறிந்திருத்தல். வேண்டிய கணத்திலே புகழை நோக்காது திருப்பியழைத்தல் என்னும் இந்நான்கையும் உடையோரே தலைவராவர். இந்நான்கும் பதவியோடு ஒருங்கே வந்து சேர்வனவல்ல. இளமையிலே, சிறு பொறுப்புக்களிலே பழகிப் பெறப்படுவன. விளையாட்டணியின் தலைமையும் மாணவர் விடுதியின் தலைமையும் அப்பழக்கத்திற்கு உரிய களங்களே. எத்தனை பேரை நடத்திச் சென்றோம் என்பதோடு, எத்தனை பேரை நலமே மீட்டுவந்தோம் என்றும் தம்மைத் தாமே வினவுந் தலைவரை இக்கல்லூரி மேன்மேலும் ஈன்று தருவதாக.