கையெழுத்துப் போட்டீர்கள், நகல் எங்கே?

புது மருந்துக்கான ஆய்வில் சேர்ந்த பலர், உடம்புக்கு ஏதாவது வந்த பிறகுதான் உதவி தேடி அலைகிறார்கள். எந்த மருந்து, எந்தக் கம்பெனி என்று கேட்டால் தெரியாது. "டாக்டர் சொன்னார், கையெழுத்துப் போட்டேன்" என்பதோடு சரி. கையில் ஒரு காகிதம்கூட இருக்காது.

2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் சிறுமிகளுக்கு கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசி போட்டுப் பார்த்தபோது, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே பல படிவங்களில் கையெழுத்திட்டது பின்னர் நாடாளுமன்றக் குழுவின் விசாரணையில் தெரியவந்தது. அதற்குப் பிறகு விதிகள் இறுகின. இப்போது நடப்பில் இருப்பவை 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருந்தாய்வு விதிகள். தகவல் தாளையும் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகலையும் உங்களிடம் கொடுத்தே ஆக வேண்டும் என்கின்றன அவை. "ஃபைலில் இருக்கிறது, அப்புறம் தருகிறோம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி தொடக்கம் முதல் கடைசிவரை உடனிருந்து கையெழுத்திட வேண்டும்.

படிவத்தில் நியமனதாரர் பெயரும் முகவரியும் எழுத ஓர் இடம் உண்டு. ஆய்வினால் மரணம் நேர்ந்தால் இழப்பீடு யாருக்கு என்பதற்கான இடம் அது. அதை வெற்றாக விட்டுவிடாதீர்கள். இந்திய மருந்தாய்வுப் பதிவேட்டில் (சி.டி.ஆர்.ஐ.) அந்த ஆய்வுக்குள்ள பதிவு எண்ணையும், ஆய்வைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்குங்கள். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். எண் இல்லை என்றால் சேராதீர்கள்.

அடுத்தது, உடம்பில் நடப்பதை எழுதி வைக்க ஆய்வில் தரும் நாட்குறிப்பு. உங்கள் உடம்பில் நடப்பதுதான் ஆய்வின் தரவு. அதை வைத்துத்தான் மருந்து கடைக்கு வரலாமா என்று முடிவாகிறது, இழப்பீடு உண்டா என்பதும் முடிவாகிறது. எழுதாமல் விட்ட வாந்தியும் மயக்கமும் இரண்டு கணக்கிலும் சேராது. மருத்துவமனைக்குப் போகும் நாளன்று, முந்தைய பதினைந்து நாளையும் ஒரே மூச்சில் நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி நிரப்பச் சொல்லும் ஊழியர்களும் இருக்கிறார்கள். இது அப்பட்டமான பொய்க்கணக்கு. அன்றன்றைக்கு எழுதுங்கள். தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதித் தேதியும் கையெழுத்தும் இடுங்கள். வெள்ளை மை பூசக் கூடாது.

இரவில் நெஞ்சு வலித்தால் பக்கத்து மருத்துவமனைக்குத்தான் ஓடுவோம். ஓடுங்கள், ஆனால் ஆய்வு மருத்துவருக்கு உடனே தெரிவியுங்கள். கடுமையான பாதிப்பை அவர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்து அதிகாரிக்கும் கம்பெனிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் அறிவிக்க வேண்டும். அவருக்கே தெரியாவிட்டால் என்ன அறிவிப்பார்? ஆய்வால் வந்த பாதிப்புக்குத் தேவைப்படும் காலம்வரை இலவச சிகிச்சை உங்கள் உரிமை. சிகிச்சை பெற்ற இடத்தில் மருத்துவ ஆவணங்களை எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதி.

பாதிப்பைத் தெரிவித்தும் ஆய்வு மருத்துவரிடமிருந்து பதில் இல்லையென்றால் போலீஸ் நிலையம், கலெக்டர் மனுநாள் என்று சுற்றி நாளைக் கடத்தாதீர்கள். முதலில் நெறிமுறைக் குழுவின் உறுப்பினர் செயலருக்கு மனு. அதன் பிரதி சென்னை ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் உள்ள மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் தென்மண்டல அலுவலகத்துக்கும், டெல்லி கோட்லா சாலை எஃப்.டி.ஏ. பவனில் உள்ள தலைமையகத்துக்கும். மனுவில் பதிவு எண், ஆய்வில் உங்களுக்குத் தந்த எண், பாதிப்பு தொடங்கிய தேதி எல்லாம் இருக்கட்டும். ஒப்புதல் படிவம், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். அசலை எந்த அதிகாரி கேட்டாலும் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஸ்பீடு போஸ்ட் ரசீது பத்திரம். சும்மா போய்ச் சொல்லிவிட்டு வந்தால் அந்த அலுவலகங்களில் எதுவும் நகராது.

ஆய்விலிருந்து காரணம் சொல்லாமலே விலகலாம். உங்கள் வழக்கமான சிகிச்சையை மருத்துவமனை அதற்காக நிறுத்தக் கூடாது. அதுவரை எடுத்த தரவையும் ரத்த மாதிரியையும் என்ன செய்வார்கள், வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா, பெயர் இல்லாமல் எண்ணாக மட்டும் போகுமா என்பது தகவல் தாளில் இருக்க வேண்டும். சேரும் முன்பே படியுங்கள். விலகுவதையும் எழுத்தில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.