உப்புத் தண்ணீர் கரைக்க முன் ஒரு தொலைபேசி அழைப்பு

கந்தளாய்க் குளத்து நீரை நம்பி வேளாண்மை செய்யும் ஊர் எங்களுடையது. பெரும்போகத்தில் களைநாசினி அடிக்கும் நாட்களில் தம்பலகாமத்திலும் முள்ளிப்பொத்தானையிலும் அநேகமான வீடுகளின் விறாந்தையில் ஒரு மருந்துப் போத்தலாவது நிற்கும். நாங்கள் அதை 'மருந்து' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அடித்து மிஞ்சியதைச் சோடாப் போத்தலில் ஊற்றி ஜன்னலோரம் வைக்கும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளைக்கு அது வெறும் சோடாதான்.

பிள்ளை அதில் ஒரு வாய் குடித்துவிட்டால் என்ன நடக்கும்? அயல் வீட்டார் எல்லோரும் வந்துவிடுவார்கள். ஒருவர் உப்புத் தண்ணீர் கொடுக்கச் சொல்வார், மற்றவர் தேங்காய்ப் பால் என்பார், இன்னொருவர் தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கப் பார்ப்பார். எல்லாம் நல்லெண்ணம்தான். ஆனால் குடித்தது மண்ணெண்ணெயாக இருந்தால், வாந்தியோடு அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலைப் பாதிக்கும். வயிற்றில் கிடக்கும் மண்ணெண்ணெயை விட நுரையீரலுக்குள் போன மண்ணெண்ணெய்தான் ஆபத்தானது. அசிட் போன்ற எரிக்கும் பொருளாக இருந்தால், இறங்கும்போது தொண்டையைச் சுட்டது ஏறும்போது மறுபடியும் சுடும். உப்பை அளவுக்கு மீறிக் கொடுத்தால் சிறு பிள்ளைக்கு அந்த உப்பே நஞ்சாகிவிடும்.

இந்த இடத்தில்தான் பலருக்குத் தெரியாத ஒரு வசதியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் இயங்குகிறது. 1988 இல் பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோவின் தலைமையில் தொடங்கப்பட்டது. இலக்கம் 011 2686143. கொழும்பு நமக்கு ஓர் இரவுப் பஸ் தூரம் என்றாலும் தொலைபேசிக்கு அந்தத் தூரம் இல்லை. பொதுமக்களும் பேசலாம், நஞ்சுக்குச் சிகிச்சை செய்யும் வைத்தியர்களும் அங்கே ஆலோசனை கேட்கிறார்கள்.

ஆனால் ஒன்று. மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் இருந்தால் ஆலோசனை கேட்டுக்கொண்டு நிற்கக்கூடாது. உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். உடம்பில் மருந்து சிந்தியிருந்தால் உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

அழைத்தால் என்ன கேட்பார்கள்? என்ன பொருள், எவ்வளவு, எத்தனை மணிக்கு, யாருக்கு, என்ன வயது, எத்தனை கிலோ, இப்போது எப்படி இருக்கிறார் என்பதுதான். இதில் முதல் கேள்விக்குத்தான் நம் வீடுகளில் பதில் இருப்பதில்லை. சோடாப் போத்தலுக்கு லேபல் ஏது? 'பச்சை மருந்து', 'புல்லுக்கு அடிக்கிறது' என்று சொன்னால் யாருக்கும் எதுவும் விளங்காது. லேபலில் சிறிய எழுத்தில் அச்சடித்திருக்கும் இரசாயனப் பெயர்தான் வேண்டும். மருந்து வாங்கிய அன்றே அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்தால் போதும். சிங்களம் தெரியாதே என்று தயங்கும் நம் பெண்களுக்கும் இது உதவும், அந்தப் பெயர் எந்த மொழியிலும் ஒன்றுதான். பேசத் தயக்கமாக இருந்தால் போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள், அங்குள்ள வைத்தியர் பேசுவார்.

பழைய மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பராகுவாட், டைமெத்தோயேட், பென்தியோன் ஆகியவை 2008 முதல் 2011 வரை படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. அப்படி ஏதாவது ஒரு பழைய போத்தல் கொட்டிலில் கிடந்து விபத்து நடந்தால், தடை செய்ததை வைத்திருந்தோமே என்று பயந்து பெயரை மறைக்காதீர்கள். வைத்தியருக்குத் தேவை உங்கள் குற்றமல்ல, மருந்தின் பெயர்.

மறைப்பதில் இதைவிடப் பெரிய மறைப்பு ஒன்று நம் சமூகத்தில் இருக்கிறது. ஒருவர் தானாகவே எதையாவது உட்கொண்டுவிட்டால், அது ஹராம், ஊர் என்ன சொல்லும் என்று வீட்டார் வாயை மூடிக்கொள்கிறார்கள். 'வயிற்று வலி' என்று சொல்லித்தான் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போகிறார்கள். சிலர் கூட்டிப் போவதே இல்லை. பனடோலை எடுத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறி விழுங்கியவர் முதல் நாள் எழுந்து நடமாடலாம், சாப்பிடவும் செய்யலாம். ஈரல் பாதிக்கப்பட்டது வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்கான மாற்று மருந்து முதல் 8 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் மிக நன்றாக வேலை செய்யும். ஆள் நன்றாகத்தானே இருக்கிறார் என்று வீட்டார் ஆறுதல் அடையும் அந்த நேரம்தான் காப்பாற்றக்கூடிய நேரம்.

பொலிஸ் பிடிக்கும் என்ற பயமும் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 1998 இலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஹராம் என்பதை நான் மறுக்கவில்லை. உயிர் பிழைத்தவருக்குத்தான் தௌபாவுக்கு அவகாசம் கிடைக்கிறது, அந்த அவகாசத்தை வெட்கத்துக்காக நாம் பறிக்கலாமா? மனம் உடைந்து போயிருப்பவர்கள் பேசுவதற்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கமும் இருக்கிறது.

ஜனாஸா அறிவித்தல் ஒட்டும் பள்ளிவாசல் பலகையில் இந்த மூன்று இலக்கங்களையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுமாறு நிர்வாக சபைகளைக் கேட்டுக்கொள்கிறேன். பெண்கள் பள்ளிக்கு வராத ஊர்களில் மக்தப் பிள்ளைகளின் கொப்பியில் எழுதிக் கொடுத்தால் வீட்டுக்குப் போய்ச் சேரும்.