வேலை இருக்கும்வரை கூரை

வீடற்றவர் என்றதும் கடைத் திண்ணையில் சாக்கை விரித்துப் படுப்பவர்தான் நினைவுக்கு வருவார். இலங்கையின் நாவலப்பிட்டியைச் சுற்றியுள்ள தேயிலை மலைகளில் இருப்பவர்கள் அப்படியில்லை. விடிந்தால் மலைக்கு வேலைக்குப் போகிறார்கள், அந்தியில் கதவைத் திறந்து வீட்டுக்குள் நுழைகிறார்கள். ஆனால் அந்தக் கதவும் அது நிற்கும் மண்ணும் பெரும்பாலானோருக்குச் சொந்தமில்லை.

பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு லயக் காம்பிரா (வரிசை வீட்டு அறை), முன்னால் ஓர் இஸ்தோப்பு (திண்ணை). மகனுக்குக் கல்யாணமானால் இஸ்தோப்பை அடைத்து அறையாக்குவார்கள். அதற்கும் தோட்டத் துரையிடம் கேட்க வேண்டும். குடும்பத்தில் ஒருவர் பேராவது செக்ரோலில் (தோட்ட வேலையாள் பதிவேட்டில்) இருந்தால்தான் அந்தக் காம்பிராவில் தைரியமாகக் குடியிருக்கலாம்.

ஐரோப்பாவில் வீடற்றோருக்காக இயங்கும் ஃபேன்ட்சா அமைப்பு 2005இல் வெளியிட்ட வகைப்பாட்டில், பாதுகாப்பற்ற குடியிருப்பும் தகுதியற்ற குடியிருப்பும் வீடின்மைதான். லயங்களுக்கு இரண்டுமே பொருந்தும்.

சோம்பலோ குடியோ இவர்களை இந்த நிலைக்குத் தள்ளவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இத்தோட்ட மக்களான மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்குப் போட்டது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாகின. உழைத்தவர்களுக்குக் காணி கிடைக்கவில்லை. பஞ்சமும் 1977, 1983 வன்முறைகளும் விரட்ட, பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காட்டை வெட்டிக் குடியேறின.

எஞ்சியவர்களை மலையே பயமுறுத்துகிறது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அங்கே ஆபத்து இருப்பதாகத் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. வேறிடம் போகச் சொந்தக் காணி இல்லாதவர்களுக்கு எச்சரிக்கையால் என்ன பயன்? 2025 நவம்பரில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் கண்டி மாவட்டத்திலும் மலைகள் சரிந்து உயிர்களைப் பலிகொண்டன.

மாற்றம் தொடங்காமல் இல்லை. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடுகள் எழும்புகின்றன. 2017இல் நோர்வூட் வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஆனால் சாவியோடு உறுதிப்பத்திரமும் கைக்கு வர வேண்டும். அதுவும் மனைவி பேரையும் சேர்த்து எழுதப்பட வேண்டும். அப்போதுதான் வங்கியில் கடன் கேட்கலாம், பென்ஷன் எடுத்த பிறகும் பயமின்றி இருக்கலாம், பிள்ளை கொழும்பில் வேலை தேடினாலும் தாய்தகப்பன் இருக்குமிடத்துக்கு ஆபத்து வராது. மண்சரியும் சரிவுகளில் உள்ள லயங்களிலிருந்தே உறுதியோடு வீடு கொடுக்கும் வேலை தொடங்க வேண்டும், அடுத்த பெருமழைக்கு முன்பே.